எச்டிஎம்ஐ வயர் எட்டவில்லையா? நெட் கேபிளிலேயே டிவிக்குப் படமும் சத்தமும் அனுப்பலாம்... உங்களுக்கு எந்த முறை சரிவரும்?

முகூர்த்தம் மாடியில், பந்தி கீழே. தி.நகர் கல்யாண மண்டபங்களில் இது சகஜம். சாப்பிட உட்கார்ந்தவர்களும் தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று டைனிங் ஹாலில் ஒரு பெரிய டிவி வைக்கிறார்கள். மேடையில் இருக்கும் கேமராவுக்கும் அந்த டிவிக்கும் நடுவே படிக்கட்டு, சுவர் எல்லாம் சேர்த்து 40 மீட்டர் இருக்கும். இந்தத் தூரத்துக்குப் படத்தை எப்படிக் கொண்டுபோவது?

மார்கழி சீசனில் மயிலாப்பூர் சபா ஒன்றில் கச்சேரியை கேன்டீன் டிவியிலும் காட்ட நினைத்தால் இதே கேள்விதான். அடையாறு ஃபிளாட்டில் ஹாலில் இருக்கும் செட்-டாப் பாக்ஸை பெட்ரூம் டிவியிலும் பார்க்க நினைத்தாலும் இதே கேள்விதான்.

கடையில் கேட்டால், "நெட் கேபிள் போட்டுடுங்க சார், 100 மீட்டர் போகும்" என்பார்கள். அது உண்மைதான். ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் அந்த கேபிளில் படத்தை அனுப்ப மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் வேறு வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கிவிட்டால் விசேஷ நாளில் டிவி கறுப்பாக நிற்கும். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எச்டிஎம்ஐ வயரையே நீளமாகப் போட்டால் என்ன?

எச்டிஎம்ஐ என்ற இணைப்பு 2002 டிசம்பரில் அறிமுகமானது. பக்கத்து மேசையில் இருக்கும் பெட்டியை டிவியோடு இணைக்கத்தான் அது உருவானது. சாதாரண செம்பு வயரில் ஃபுல் எச்டி படம் பொதுவாக 10 முதல் 15 மீட்டர் வரை தாங்கும். 4கே படம் என்றால் சில மீட்டரிலேயே தடுமாறும். படத்தில் புள்ளி புள்ளியாக மின்னும், விட்டுவிட்டு வரும், அப்புறம் அடியோடு நின்றுவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எச்டிஎம்ஐ பிளக் பெரியது. சுவருக்குள் இருக்கும் முக்கால் இன்ச் பைப்பில் அதை இழுப்பது பெரும்பாடு. நெட் கேபிளை முதலில் வெறும் வயராக இழுத்துவிட்டு, அப்புறம் முனையில் பிளக் அடித்துக்கொள்ளலாம்.

சென்னைக்கு இந்தப் பிரச்சினை எப்போது வந்தது?

சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அப்போது மொட்டைமாடி ஆண்டெனாவிலிருந்து ஒரே ஒரு வயர் டிவிக்கு வந்தது. 90-களில் கேபிள்காரரின் கறுப்பு வயர் தெருத்தெருவாக வந்தது. ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டால் போதும், ஹால் டிவியில் சீரியலும் பெட்ரூம் டிவியில் கிரிக்கெட்டும் தனித்தனியாக ஓடும். எல்லா சேனலும் அந்த ஒரே வயரில் வந்ததுதான் காரணம்.

2003 செப்டம்பர் 1-ல் இது மாறத் தொடங்கியது. கட்டணச் சேனல்களைப் பார்க்க செட்-டாப் பாக்ஸ் வேண்டும் என்ற 'கேஸ்' முறை நாட்டிலேயே முதலில் சென்னையில்தான் அமலுக்கு வந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தாவின் சில பகுதிகளுக்கு அது போய்ச் சேர 2006 கடைசி ஆனது. பாக்ஸ் வந்த பிறகு, பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகும் வயரில் ஒரு சேனல்தான் வரும். அந்த வயர் எச்டிஎம்ஐ ஆன பிறகு, டிவி பாக்ஸின் பக்கத்திலேயே கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கட்டை அவிழ்க்கத்தான் இப்போது நெட் கேபிள் தேவைப்படுகிறது.

ஒரு சின்னக் கணக்கு

இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

ஃபுல் எச்டி திரையில் அகலத்தில் 1920 புள்ளி, உயரத்தில் 1080 புள்ளி. மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட் வேண்டும். வினாடிக்கு 60 படம். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 300 கோடி பிட்.

நம் வீட்டு ரூட்டரில் இருக்கும் 'ஜிகாபிட்' போர்ட்டின் வேகம் வினாடிக்கு 100 கோடி பிட்தான். அதாவது சுருக்காத முழு எச்டி படம் சாதாரண நெட்வொர்க்கில் நுழையவே முடியாது.

சத்தத்தின் கதை வேறு. 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ ஒலிக்கு வினாடிக்குச் சுமார் 15 லட்சம் பிட் போதும். படத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 2000-ல் ஒரு பங்கு. சத்தத்தால் பாரம் கிடையாது, பாரம் முழுக்கப் படத்தால்தான்.

அப்படியானால் வழி இரண்டுதான். ஒன்று, கேபிளை மட்டும் எடுத்துக்கொண்டு நெட்வொர்க் முறையை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் படத்தைச் சுருக்கி நெட்வொர்க்கில் அனுப்ப வேண்டும். கீழே உள்ள முதல் வழி முந்தைய வகை. மற்ற இரண்டும் பிந்தைய வகை.

வழி 1: எச்டிபேஸ்-டி

எல்ஜி, சாம்சங், சோனி பிக்சர்ஸ், இஸ்ரேலின் வேலன்ஸ் நிறுவனம் ஆகியவை சேர்ந்து 2010-ல் தொடங்கிய கூட்டமைப்பின் தொழில்நுட்பம் இது. நெட் கேபிளின் எட்டு கம்பிகளையும் எடுத்துக்கொண்டு, தனக்கென ஒரு சிக்னல் முறையில் படத்தை அனுப்புகிறது. ஃபுல் எச்டி படத்தைச் சுருக்குவதே இல்லை. நல்ல கேபிளில் 100 மீட்டர் வரை போகும்.

கேமரா பக்கம் ஒரு பெட்டி, டிவி பக்கம் ஒரு பெட்டி, நடுவே ஒரே கேபிள். படம், ஒலி, ரிமோட் சிக்னல் எல்லாம் அதில் போகும். பல மாடல்களில் ஒரு பக்கப் பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் போதும், மறுபக்கத்துக்கும் அதே கேபிளில் மின்சாரம் போய்விடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிளக் நெட் பிளக் மாதிரியே இருந்தாலும் இது நெட்வொர்க் கிடையாது. நடுவில் சுவிட்ச், ரூட்டர் எதுவும் வரக்கூடாது. தெரியாமல் இந்த கேபிளை ரூட்டரில் சொருகினால் படம் வராது. மின்சாரம் அனுப்பும் மாடலாக இருந்தால் போர்ட் பழுதாகவும் வாய்ப்புண்டு. அதனால் கேபிளின் இரண்டு முனையிலும் 'வீடியோ மட்டும்' என்று ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள்.

அட்டைப்பெட்டியில் '100 மீட்டர்', '4கே' என்று இரண்டும் போட்டிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். விலை குறைந்த ரகங்களில் ஃபுல் எச்டி 70 மீட்டர் போகும், 4கே 35, 40 மீட்டரிலேயே நின்றுவிடும்.

வழி 2: ஐபி எக்ஸ்டெண்டர்

இங்கே அனுப்பும் பெட்டி படத்தைச் சுருக்கி, சின்னச் சின்னத் தரவுப் பொட்டலங்களாக்கி, நிஜமான நெட்வொர்க்கில் அனுப்புகிறது. அதனால் சுவிட்ச் வழியாகப் போகும். ஒரு கேமராவிலிருந்து நாலு டிவிக்குப் பிரிக்கலாம். இன்னும் டிவி சேர்க்க வேண்டுமென்றால் இன்னொரு பெட்டி வாங்கினால் போதும்.

இதில் இரண்டு குறைகள். முதலாவது தாமதம். படத்தைச் சுருக்கி விரிக்க நேரம் பிடிக்கும். விலை குறைந்த பெட்டிகளில் பத்தில் ஒரு வினாடியோ அதற்கு மேலோ ஆகும். இரண்டாவது, பல பெட்டிகள் எல்லா டிவிக்கும் சேர்த்து ஒரே வீச்சில் அனுப்பும் 'மல்டிகாஸ்ட்' முறையில் வேலை செய்கின்றன. சாதாரண சுவிட்ச் அதைப் புரிந்துகொள்ளாமல் எல்லா போர்ட்டுக்கும் கொட்டும். விளைவு, ஆபீஸ் அறையில் பில் போடும் கம்ப்யூட்டர் திணறும், வைஃபை தடுமாறும். டிவிகளுக்கு மட்டும் தனியாக ஒரு சுவிட்ச் வைத்துவிடுங்கள். அல்லது 'ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்' வசதி உள்ள சுவிட்சைக் கேட்டு வாங்குங்கள். அது எந்த போர்ட்டில் டிவி இருக்கிறதோ அங்கே மட்டும் அனுப்பும்.

வழி 3: டிவியையே நெட்டோடு இணைப்பது

வீட்டுக்கு இதுதான் பல நேரம் போதும். மாட வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் சுவர் தடிமன் அதிகம், அடையாறு, பெசன்ட் நகர் ஃபிளாட்களில் கான்கிரீட். இரண்டிலும் உள்ளறைக்கு வைஃபை மெலிந்துதான் வரும். அதனால்தான் படம் பாதியில் சுற்றிச் சுற்றி நிற்கிறது. ரூட்டரிலிருந்து ஸ்மார்ட் டிவிக்கு ஒரு லேன் கேபிள் போட்டால் பிரச்சினை தீரும். எக்ஸ்டெண்டரே தேவையில்லை.

இணையம் வழியாக வரும் எச்டி படம் ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்டது. 5 முதல் 10 எம்பிபிஎஸ் போதும், அதாவது முழுப் படத்தில் சில நூறில் ஒரு பங்குதான். பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், 4கே ஸ்ட்ரீமிங்குக்குக்கூட அது தாராளம்.

டிவி சேனல்களும் இந்தப் பாதைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஃபைபர் இணைப்பில் நேரலைச் சேனல் தரும் 'ஐஎஃப்டிவி' சேவையை பிஎஸ்என்எல் 2024-ல் முதலில் தொடங்கிய மாநிலங்கள் மத்தியப் பிரதேசமும் தமிழ்நாடும்தான். இந்த முறையில் ஒவ்வொரு டிவியும் தனக்கு வேண்டிய சேனலைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்தக் கால ஸ்ப்ளிட்டர் தந்த சுதந்திரம் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது.

மிருதங்கத்தில் கை விழுவதும் காதில் கேட்பதும்

சபாவாக இருந்தாலும் மண்டபமாக இருந்தாலும் எந்த வழி என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தாமதம்தான்.

படத்துக்கும் ஒலிக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் வந்தால் மனிதருக்குத் தெரியும்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் இதற்கு அளவு இருக்கிறது. சத்தம் பிந்தினால் 125 மில்லி வினாடி வரை பெரும்பாலும் தெரியாது. சத்தம் முந்தினால் 45 மில்லி வினாடியிலேயே தெரிந்துவிடும். இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வரும், நம் மூளைக்கு அதுதான் பழக்கம். அரங்கில் 17 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு மேடைச் சத்தம் சுமார் 50 மில்லி வினாடி பிந்தித்தான் வருகிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை.

இப்போது அரங்கத்துக்குள்ளேயே பக்கவாட்டில் ஒரு திரை வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சத்தம் ஸ்பீக்கரில் உடனே வருகிறது. திரையில் படம் 150 மில்லி வினாடி பிந்துகிறது. தனி ஆவர்த்தனத்தில் 'தோம்' என்று கேட்ட பிறகுதான் திரையில் கை மிருதங்கத்தில் விழும். பத்து நிமிடத்தில் ரசிகருக்குத் தலைவலி வந்துவிடும். ஆகவே அரங்கத்துக்குள் இருக்கும் திரைக்கு எச்டிபேஸ்-டிதான் சரி. அதில் தாமதம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத அளவு.

கேன்டீன், டைனிங் ஹால் என்றால் நிலைமை வேறு. அங்கே படமும் சத்தமும் ஒரே டிவியிலிருந்து சேர்ந்தே வருகின்றன, இரண்டும் சேர்ந்தே பிந்துகின்றன. அரை வினாடி பிந்தினாலும் காபி குடிப்பவருக்குத் தெரியாது. அங்கே ஐபி எக்ஸ்டெண்டர் போதும். ஒரு விஷயம் மட்டும்: கதவு திறந்திருந்து அரங்கச் சத்தமும் காதில் விழுந்தால், டிவிச் சத்தம் எதிரொலி மாதிரி கேட்கும். டிவி வால்யூமைக் குறைத்துவிடுங்கள், அல்லது எச்டிபேஸ்-டிக்கு மாறுங்கள்.

நல்ல ஒலி வேண்டுமென்றால் கேமராவின் மைக்கை நம்ப வேண்டாம். மிக்ஸரிலிருந்து ஒரு லைன் எடுத்து கேமராவில் கொடுத்தால், அதே எச்டிஎம்ஐயில் கலந்து அது டிவிக்குப் போய்விடும். தனி ஆடியோ வயர் இழுக்க வேண்டியதில்லை.

கேபிள் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'கேட் 6' என்று கேட்டால் பல விலையில் எடுத்துப் போடுவார்கள். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. விலை மிகக் குறைந்த கேபிள்கள் பல நேரம் முழுச் செம்பு கிடையாது, செம்பு பூசிய அலுமினியம். உறையில் அல்லது பெட்டியில் 'சிசிஏ' என்று பொடி எழுத்தில் இருக்கும். ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி மாதிரி வெளுத்தால் அது அலுமினியம். இன்டர்நெட்டுக்கு அது எப்படியோ ஓடிவிடலாம். வீடியோவும் மின்சாரமும் சேர்ந்து போகும்போது சிக்னல் சீக்கிரம் தேயும், கம்பி சூடாகும், வளைத்தால் ஒடியும்.

உள்ளே நாலு ஜோடிக் கம்பிகள் முறுக்கப்பட்டிருக்கும். இந்த யோசனைக்கு கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். வெளியிலிருந்து வரும் மின்இரைச்சல் ஜோடியில் இருக்கும் இரண்டு கம்பியையும் ஒரே அளவில் தாக்கும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடும். அதனால் பிளக் அடிக்கும்போது முறுக்கை அதிகம் பிரிக்கக் கூடாது.

இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. எட்டும் சரியா என்று டெஸ்டரில் பார்க்காமல் சுவரை மூடவிடாதீர்கள். நடுவில் ஜாயின்ட் போடுவதையும் தவிருங்கள். மிச்ச கேபிளை இறுக்கிச் சுருட்டிக் கட்டினால் எச்டிபேஸ்-டி தடுமாறும், தளர்வாக விடுங்கள்.

மழை, இடி, கடல் காற்று

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மொட்டைமாடியில் நீளமாகப் போகும் செம்பு வயர் இடி நேரத்தில் ஆபத்து. பக்கத்தில் மின்னல் இறங்கினாலே வயரில் பாயும் மின்அதிர்ச்சி டிவி, ரூட்டர், பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே நொடியில் பழுதாக்கிவிடும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போக வேண்டுமென்றால் செம்பு வேண்டாம், ஃபைபர்தான் சரி. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

ஈபி வயர் போகும் அதே பைப்பில் நெட் கேபிளை இழுக்க வேண்டாம். உறை கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. பெசன்ட் நகர், சாந்தோம் மாதிரி கடலோரப் பகுதிகளில் வெளியில் இருக்கும் பிளக்குகளை உப்புக் காற்று அரிக்கும். மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் படம் மட்டும் வரவில்லையா?

செட்-டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக் இரண்டிலும் 'எச்டிசிபி' என்ற காப்புப் பூட்டு இருக்கிறது. டிவியும் நடுவில் இருக்கும் பெட்டிகளும் அந்தப் பூட்டுக்குச் சரியான பதில் சொல்லாவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். கேமரா படம் வருகிறது, பாக்ஸ் படம் வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வாங்கும்போதே எக்ஸ்டெண்டர் எச்டிசிபியை ஏற்குமா என்று கேளுங்கள். 4கே பாக்ஸ் என்றால் அதன் 2.2 பதிப்பு வேண்டும்.

ஒரு பாக்ஸை இரண்டு அறைக்குப் பிரித்தால் இரண்டிலும் ஒரே சேனல்தான் ஓடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பெட்ரூமிலிருந்து சேனல் மாற்ற ரிமோட் சிக்னலைத் திருப்பி அனுப்பும் 'ஐஆர்' வசதி வேண்டும். வீட்டுச் சந்தாவைப் பக்கத்து ஃபிளாட்டுக்கோ மண்டபத்துக்கோ இழுத்துக் காட்டுவது சந்தா விதிகளுக்கு எதிரானது. பொது இடத்தில் மேட்ச் காட்ட அதற்கென்று தனி அனுமதி வேண்டும்.

கடைக்குப் போகும் முன் இந்த மூன்றுக்கும் பதில் எழுதிக்கொள்ளுங்கள்

1. எத்தனை டிவி? ஒன்று என்றால் எச்டிபேஸ்-டி. பல டிவி என்றால் ஐபி எக்ஸ்டெண்டர். வீட்டு ஸ்மார்ட் டிவியில் ஓடிடி மட்டும்தான் என்றால் வெறும் லேன் கேபிள்.

2. மேடைச் சத்தம் நேரடியாகவும் காதில் விழுமா? விழும் என்றால் தாமதம் இல்லாத எச்டிபேஸ்-டிதான்.

3. கேபிள் போகும் பாதை எத்தனை மீட்டர்? நேர்க்கோட்டில் அளக்காதீர்கள். சுவர் ஏறி இறங்குவதையும் சேர்த்து அளந்து, அதற்கு மேல் கொஞ்சம் விட்டு வாங்குங்கள்.

விசேஷத்துக்கு முதல் நாள் மாலையே எல்லாவற்றையும் இணைத்து ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடவிடுங்கள். கேபிளில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ரிச்சி ஸ்ட்ரீட் கடைகள் மூடுவதற்குள் ஓடிப்போய் மாற்றிக்கொண்டும் வந்துவிடலாம்.